எதிர்க்கடைக்கு ஐந்து, தீப்பெட்டிக்கு இரண்டு

தீப்பெட்டி ஜெயித்தவற்றை எண்ணத் தொடங்கினால் முதலில் அவள் உயிரைச் சொல்ல வேண்டும். மாதம் நிறையாமல் பிறந்து உள்ளங்கையில் அடங்கிய குழந்தை. பிழைக்காது என்று மருத்துவச்சி கைவிட்டாள், இவள் விடவில்லை. அடுத்தது அந்த முனைக்கடை. செருப்புத் தைப்பவர், கைபேசி பழுது பார்ப்பவர், பூக்காரர் என்று மூன்று பேர் நடத்த முடியாமல் பூட்டிவிட்டுப் போன இடத்தில் சோற்றுக்கடை போட்டு நிலைத்தாள். அந்தத் தெருவுக்குள் எரிவாயுக் குழாய் வராது என்றார்கள், வரவழைத்தாள். பெரிய ஓட்டல்கள் இரண்டு கண் வைத்திருந்த தையல் கம்பெனியின் மதியச் சாப்பாட்டைப் பிடித்தாள், பிடித்ததை வழுக்கிப் போகாமலும் காத்தாள். கடைசியாக, கடைக் கதவில் ஐந்துக்கு இரண்டு என்று சுகாதார அலுவலகம் ஒட்டிவிட்டுப் போன மதிப்பெண்ணை நான்காக்கினாள். நான்குதான். ஐந்து என்று அவளே சிலரிடம் சொல்லியிருக்கிறாள், அது சரியல்ல.

இத்தனையும் உழைத்து ஜெயித்தாள் என்றால் பொய்யாகாது. வானம் வெளுக்கும் முன் அடுப்பைப் பற்றவைத்தால் மாலையில்தான் இடுப்பைச் சாய்ப்பாள். ஆனால் எந்த வண்டிக்கும் இழுக்க ஒரு மாடு வேண்டும். அவள் வண்டியை இழுத்தது அவளுடைய ஓரகத்தி.

ஓரகத்தியை, அதாவது கணவரின் அண்ணன் மனைவியை, அந்த வீட்டில் பெரியவள் என்பார்கள். தீப்பெட்டி என்பது இவளுக்குப் பிறந்த வீட்டில் விழுந்த பெயர். ஆளும் சிறிது, உரசினால் பற்றிக்கொள்வதும் உடனே. அண்ணனும் தம்பியும் ஒன்றாகக் கடை நடத்திய காலத்தில் சமையல் இந்த இரண்டு மருமகள்களுடையது. குழம்புக்கு உப்புப் பார்க்கும் உரிமை மட்டும் பெரியவளுக்கே. அவள் நாக்கில் தொட்டுத் தலையாட்டிவிட்டுப் போன பின், இவள் யாரும் பார்க்காமல் ஒரு சிட்டிகை போடுவாள். போட்டது தெரிந்து அவள் திரும்பி வந்து ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவாள். தண்ணீர் ஊற்றியது தெரிந்து இவள் மறுபடி ஒரு சிட்டிகை. ஒருநாள் குழம்பு குளமாகிப் பானை விளிம்பைத் தொட்டது. சாப்பிட வந்தவர்கள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். அன்றோடு கடை இரண்டாயிற்று.

பழைய கடை அண்ணனுக்கு. தம்பிக்குக் கிடைத்தது அந்த ராசியில்லாத முனைக்கடை. அதுவும் பழைய கடைக்கு நேர் எதிரே. கண்காணாத இடமாக இருந்திருந்தால் பாதி வயிற்றெரிச்சல் தானாக அடங்கியிருக்கும். இங்கே காலையில் இரும்புக் கதவைத் தூக்கினால் முதலில் தெரிவது பெரியவளின் முகம், மாலையில் இறக்கும்போது கடைசியாகத் தெரிவதும் அதே முகம்.

அன்றிலிருந்து தீப்பெட்டிக்கு ஒரே சட்டம். அங்கே ஒன்று வந்தால் இங்கே அது ஒரு பிடி பெரிதாக வர வேண்டும். பெரியவள் பெயர்ப்பலகை மாட்டினால் இவள் விளக்குப் போட்ட பலகை மாட்டுவாள். அங்கே ஃப்ரிட்ஜ் வாங்கினால் இங்கே கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜ். உள்ளே இருப்பது எதிர்ப்பக்கம் வரை தெரிய வேண்டும் என்பதற்காக, மசாலா தடவிய பச்சைக் கோழியை மேல்தட்டில் வரிசையாக அடுக்கி வைப்பாள். பார்த்தால் நகைக்கடை மாதிரி இருக்கும்.

சமைக்கிற எல்லாக் கடையிலும் கை கழுவத் தனியாக ஒரு வாஷ்பேசின் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெரியவள் எங்கிருந்தோ விளிம்பு உடைந்த பழைய பீங்கான் பேசின் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். தீப்பெட்டி இரண்டு வாரம் அலைந்தாள். புதுப்பித்துக்கொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட எஃகு பேசின் கிடைத்தது. டாக்டர்கள் ஆபரேஷனுக்கு முன்னால் கை கழுவுவது. குழாயைத் தொடவே வேண்டாம், கீழே ஒரு மிதி இருக்கும். காலால் மிதித்தால் தண்ணீர் வரும். அதைக் கடை வாசலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும்படி மாட்டி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக்கினாள். மாட்டிய அன்று மாலை பெரியவள் தன் கடை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையே தீப்பெட்டிக்குப் போதுமாக இருந்தது.

அப்பேர்ப்பட்ட பேசினில் கை கழுவினால் என்ன ஆகும்? கறை படியும். சோப்பு வழியும். அதனால் அதைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, நூலால் கட்டிவிட்டாள்.

“இதுல யாராவது கை வச்சீங்க, அப்புறம் அந்தக் கை இருக்காது” என்று கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பாத்திரம் தேய்க்கும் பெரியம்மா தலையைத் தூக்காமலே கேட்டார்: “கையே இல்லன்னா எதுக்குக் கழுவணும், கண்ணு?”

கை கழுவுவது என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. பின்கட்டில், பாத்திரம் தேய்க்கும் தொட்டியில், காய் அலசும் அதே குழாயில். தீப்பெட்டி சுத்தத்தில் யாருக்கும் குறைந்தவள் இல்லை. தரையில் விழுந்த சோற்றுப் பருக்கையைக் கண்டால் அவளுக்குக் காய்ச்சல் வரும்.

சுகாதார ஆய்வாளர் வந்தது ஒரு மதியம், கம்பெனிச் சாப்பாடு ஏற்றி அனுப்பிய பிறகு. இளவயதுப் பெண்மணி, முடியைத் துணித்தொப்பிக்குள் செருகிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு வந்தார். முதலில் எதிர்க்கடை, பிறகு இங்கே. எதிர்க்கடைக் கதவில் ஐந்து ஒட்டியாகிவிட்டது என்பதைத் தீப்பெட்டி அதற்குள் பார்த்துவிட்டாள். ஐந்துக்கு மேல் ஒரு எண் இருந்தால் அது தனக்கு என்று நம்பித்தான் ஆய்வாளரை உள்ளே அழைத்தாள்.

“மேடம், மொதல்ல இதைப் பாருங்க.”

நூலை அவிழ்த்துப் பிளாஸ்டிக்கை விலக்கினாள், சிலை திறப்பது போல. ஆய்வாளர் காலால் மிதித்தார். குழாய் முதலில் இருமியது. பிறகு நீளமாகப் பெருமூச்சு விட்டது. பிறகு தேநீர் நிறத்தில் ஒரு வாய் தண்ணீரைத் துப்பிவிட்டு நின்றுவிட்டது. சோப்பு இருந்தது, உறை பிரிக்காமல்.

“இதுல யாரும் கை கழுவறதில்லையா?”

“யாரையும் விட மாட்டேன் மேடம்!” என்றாள் தீப்பெட்டி, நெஞ்சை நிமிர்த்தி.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பின்கட்டுத் தொட்டியைப் பார்த்தார். பிறகு ஃப்ரிட்ஜ். “பச்சைக் கோழி மேல இருக்கு, வெந்த பருப்பு கீழ திறந்து கெடக்கு. மேலேர்ந்து தண்ணி சொட்டினா எதுல விழும்?”

“எதிர்ப்பக்கத்துலேர்ந்து பார்த்தா கோழிதான தெரியணும்? பருப்பை யாரு பார்ப்பா?”

அதையும் எழுதிக்கொண்டார். போகும்போது கதவில் ஒட்டியது இரண்டு. மேம்பாடு தேவை என்று கீழே அச்சடித்திருந்தது.

அன்று மாலையே பெரியவள் தெருவைக் கடந்து வாசல் வரை வந்தாள். கடை பிரிந்த பிறகு அவள் அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் முறை.

“கேள்விப்பட்டேன் தங்கச்சி. மனசே ஆறல.”

“எது ஆறல? சுடச்சுட வந்துட்டீங்களே.”

“ரெண்டுன்னா ஒண்ணும் கெட்டுப்போகல. ஒண்ணைவிட மேலதான?”

“உங்க கவலைக்கு நன்றிக்கா. உங்க வாசல்ல அஞ்சு கோணலா ஒட்டியிருக்கு, போய் நிமித்தி வைங்க.”

பெரியவள் போய் உண்மையாகவே அது கோணலா என்று பார்த்தாள். அந்தச் சிறு வெற்றி தீப்பெட்டிக்கு இரவுச் சாப்பாடுவரை கூடத் தாங்கவில்லை.

மறுநாள் தையல் கம்பெனி மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். கதவை ஒருமுறை பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தபடியே பேசினார். “எனக்கு உங்க சாப்பாடுதாம்மா பிடிக்கும். ஆனா தலைமை ஆபீஸ்ல நாலு மார்க்குக்குக் கீழ ஒத்துக்க மாட்டாங்க. இந்த வருஷ முடிவுல புது ஒப்பந்தம் போடணும். அதுக்குள்ள நாலு வந்துட்டா நீங்கதான். வரலேன்னா...”

அவர் சொல்லி முடிக்கவில்லை. ஆனால் கண் தெருவின் மறுபக்கம் போய் வந்தது.

கடையில் வேகும் சோற்றில் பாதிக்கு மேல் கம்பெனிக்குத்தான் போகும். அது போனால் முனைக்கடைக்கு நாலாவதாகவும் ஒருவர் பூட்டிவிட்டுப் போனார் என்றாகிவிடும். அதையாவது அவள் எப்படியோ தாங்கியிருப்பாள். அந்தச் சாப்பாட்டு வண்டி தெருவைக் கடந்து பெரியவளின் வாசலில் நிற்பதை நினைத்தபோதுதான் நெஞ்சுக்குள் குச்சி உரசியது.

துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கும் தன் கூடப்பிறந்த அண்ணனைக் கூட்டிக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அதே ஆய்வாளர்தான் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

“மேடம், எதிர்க்கடைக்கு எப்படி அஞ்சு போட்டீங்க?”

“அதைக் கேக்கவா வந்தீங்க?”

“அவங்க பேசின் உடைஞ்சது. நீங்களே பார்த்தீங்கல்ல?”

ஆய்வாளர் பொறுமையாக நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்கம்மா. குறைஞ்ச மார்க் வந்தா நீங்க செய்யக்கூடியது மூணு. நாங்க போட்டது தப்புன்னு நெனச்சா மேல்முறையீடு செய்யலாம். வேற அதிகாரி பார்ப்பாரு. ஆனா உங்க கடைல நாங்க எதைத் தப்பாப் பார்த்தோம்னு சொல்லணும். எதிர்க்கடையைப் பத்தி இல்ல, உங்க கடையைப் பத்தி.”

தீப்பெட்டி யோசித்தாள். வறண்ட குழாய் வறண்டுதான் இருந்தது. பச்சைக் கோழி மேல்தட்டில்தான் இருந்தது. “ரெண்டாவது என்ன?”

“பதில் எழுதிக் குடுக்கலாம். அன்னிக்கு ஏன் அப்படி இருந்தது, அதுக்கப்புறம் என்ன சரி பண்ணினீங்கன்னு. உங்க மார்க் போட்டிருக்கற இடத்துலயே அதையும் போடுவோம், ஜனங்க படிப்பாங்க.”

ஜனங்கள் படிப்பார்கள் என்றதும் தீப்பெட்டி அண்ணனின் முழங்கையை இடித்தாள். “எழுதுண்ணா.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளை நேராக வைத்துக்கொண்டார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எதிர்க்கடையில் விளிம்பு உடைந்த பேசின் உள்ளது. எதிர்க்கடை அம்மாள் உப்பை அளக்காமல் போடுபவர். எதிர்க்கடைப் பூனை அடிக்கடி வாசலில் படுத்திருக்கும்.

அண்ணன் பேனாவை நிறுத்தினார். “ஏம்மா, இது பதிலா, கோள் மூட்டறதா?”

“பூனை பொய்யா?”

“அது நம்ம பூனை. அங்க போய்ப் படுக்குது.”

ஆய்வாளர் தாளை வாங்கி, எதிர்க்கடை என்று வந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் மிஞ்சியது தேதியும் ‘மதிப்பிற்குரிய’ என்ற சொல்லும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “மூணாவதைச் சொல்றேன். குறையையெல்லாம் சரி பண்ணிட்டு, மறுபடி வந்து பாருங்கன்னு விண்ணப்பம் குடுக்கலாம். என்னிக்கு வருவோம்னு சொல்ல மாட்டோம். வந்து பார்த்தா மார்க் ஏறவும் செய்யலாம், அப்படியே நிக்கவும் செய்யலாம், எறங்கவும் செய்யலாம். அதை யோசிச்சுக்கங்க.”

தீப்பெட்டி விடுவிடுவென்று நடந்தாள். தெருமுனைக்கு வந்ததும், “அந்த உடைஞ்ச பேசினுக்கு எப்படி அஞ்சு வந்துச்சுன்னு பார்க்காம எனக்குத் தூக்கம் வராது” என்று அண்ணனை அனுப்பிவிட்டு, தன் கடைக்குப் போகாமல் எதிர்க்கடைக்குள் நுழைந்தாள்.

உள்ளே இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் பேசினுக்குப் பக்கத்து மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

பெரியவள் கரண்டியோடு வந்தாள். “வழி தவறிட்டியா?”

“டீ குடிக்க வந்தேன். காசு குடுத்துத்தான்.”

“உன் கடை டீ நல்லா இல்லயா?”

“உங்களோடது எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்கலாம்னு.”

டீ வந்தது. தீப்பெட்டி அதைத் தொடாமல் பேசினைப் பார்த்தாள். விளிம்பு உடைந்திருந்தது. குழாய் ஒருபக்கம் சாய்ந்து, திருகினால் அழுதது. சோப்பு தேய்ந்து மீன் செதிலாகிவிட்டிருந்தது. கீழே விரித்த சாக்கு ஈரம் சொட்டியது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் ஒரு நிமிஷம்கூட அதைச் சும்மா விடவில்லை யாரும். பெரியவள் கோழியை வெட்டினாள், கழுவினாள். காசு வாங்கிப் போட்டாள், கழுவினாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள், கழுவினாள். பரிமாறுகிறவன் குப்பைக்கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து கழுவினான். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டிருந்த தீப்பெட்டி பாதியில் கணக்கை விட்டுவிட்டாள்.

பக்கத்து மேசை டம்ளரை எடுக்க வந்த பெரியவள் போகாமல் நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “சொன்னா சிரிப்ப. உன் கடைல அந்த பேசின் வந்து எறங்குன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.”

“நெஜமாவா?” தீப்பெட்டி நிமிர்ந்தாள்.

“காலால மிதிச்சாத் தண்ணி வருமாமே, எனக்கும் ஒண்ணு வேணும்னு இவர்கிட்டக் கேட்டேன். தண்ணி எதுல வந்தாலும் தண்ணிதானடின்னு கத்தினாரு. மூணு நாள் அவர்கூடப் பேசல. இப்பவும் கடையை மூடறப்ப அதைத்தான் பார்த்துட்டு நிப்பேன்.”

காசு கொடுத்து வாங்கிய டீ அப்போதுதான் தீப்பெட்டிக்கு இனித்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவள் எழுந்து வாசலுக்கு வந்த பிறகு பெரியவள் பின்னாலிருந்து சொன்னாள்:

“ஒண்ணுதான் புரியல. அதை ஏன் பொணம் மாதிரிக் கட்டி வச்சிருக்க? எனக்குக் கெடச்சிருந்தா பகல் பூரா மிதிச்சிட்டே இருப்பேன்.”

தெருவின் நடுவே வரும்வரை தீப்பெட்டியின் முகத்தில் சிரிப்பு இருந்தது. நடுத்தெருவில் அந்தக் கடைசி வரி உள்ளே இறங்கியது. பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துத் திட்டிவிட்டு விலகிப் போனார். பெரியவளுக்குக் கிடைத்திருந்தால் இந்த பேசின் உபயோகத்தில் இருந்திருக்கும். பேசினும் இருந்திருக்கும், ஐந்தும் இருந்திருக்கும். ஆக மொத்தம் தன் கடைக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தது, பெரியவள் கண்ணில் படட்டும் என்று மாட்டிய பொருளேதான்.

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் திருந்தியிருப்பாள். தீப்பெட்டிக்கு இன்னும் எரிந்தது. கடைக்குள் போன வேகத்தில் பிளாஸ்டிக்கைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

“பெரியம்மா! இங்க வாங்க. மிதிங்க.”

“கை போயிடும்னியே கண்ணு?”

“போனாப் போகுது. மிதிங்க!”

குழாய்க்காரர் வந்து, உள்ளே துருப்பிடித்திருந்த இணைப்பை மாற்றினார். தண்ணீர் தெளியும்வரை ஓடவிட்டார்கள். அதன் பிறகு கடையில் ஒரே சட்டம். கோழியைத் தொட்டால் கழுவு, காசைத் தொட்டால் கழுவு, மூக்கைத் தொட்டால் கழுவு. எதிர்க்கடையில் ஒரு தடவை கழுவினால் இங்கே இரண்டு தடவை. சோப்பு உறை வாரத்துக்கு வாரம் குப்பையில் சேர்ந்தது. “சோத்துக்கடையா, சலவைக்கடையா கண்ணு இது?” என்றார் பெரியம்மா. பாத்திரத்துக்கு ஒரு தொட்டி, காய்க்கு ஒரு தொட்டி என்று பின்கட்டும் பிரிந்தது.

பேசினின் பளபளப்பு போயிற்று. நடுவில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கறை விழுந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கை புளியையும் சாம்பலையும் தேடியது. அதைவிடக் கொடுமை ஃப்ரிட்ஜ். பச்சைக் கோழி மூடிபோட்ட டப்பாவில் அடித்தட்டுக்குப் போயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் வரிசையாக வெள்ளை டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் இன்னது, இந்தத் தேதியில் சமைத்தது என்று ஒட்டிய துண்டுத்தாள். அந்தத் துண்டுகளை அவளே எழுதினாள். சிறு வயதில் விட்ட எழுத்து முதலில் எறும்பு ஊர்ந்தது போல வந்தது. நாள் போகப் போகப் ‘பருப்பு’ நிமிர்ந்து நின்றது.

எல்லாம் சரியான பிறகுதான் வீட்டுக்குள் முட்டுக்கட்டை விழுந்தது. கடை அவளுடைய கணவர் பெயரில் பதிவாகியிருந்தது. மறுஆய்வு விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். சாப்பாட்டு வண்டியை ஓட்டுபவரும் அவர்தான். சாதுவான மனிதர், அண்ணன் பேச்சைத் தட்டாதவர்.

“ரெண்டாச்சும் இருக்கு” என்றார். “வந்து பார்த்துட்டு ஒண்ணுன்னு ஒட்டிட்டுப் போனா எங்க மூஞ்சியை வச்சுக்கறது?”

“எறங்காது. நான் சொல்றேன்.”

“அன்னிக்கும் நீதான் சொன்ன, அஞ்சுக்கு மேல போடுவாங்கன்னு.” அடுத்ததையும் சொன்னார். “அண்ணன் கூப்பிட்டுப் பேசினாரு. கம்பெனி சாப்பாடு வெளி ஆள்கிட்ட போயிடப்போகுது, குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும், நான் எடுத்துக்கறேன்னாரு. தப்பாத் தெரியல.”

“எந்தக் குடும்பத்துக்குள்ள? தெருவுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“ரெண்டும் ஒண்ணுதான?”

“ஒண்ணுதான்! அப்ப நீங்க அங்க போய்ச் சாப்பிடுங்க.”

அவர் போகவில்லை. ஆனால் கையெழுத்தும் போடவில்லை. கேட்கும்போதெல்லாம் வண்டியில் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று எழுந்து போய்விடுவார். ஒப்பந்தத்துக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. ஒருநாள் எதிர்க்கடை வாசலில் தையல் கம்பெனி மேனேஜர் நின்று பெரியவளிடம் பேசிக்கொண்டிருந்ததைத் தீப்பெட்டி பார்த்தாள். பெரியவள் தலையைச் சாய்த்துச் சிரித்ததையும் பார்த்தாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. அவள் மூக்குக்கு அது தெரியவில்லை.

அன்று மதியம் கணவருக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கோபித்தால் அவர் எழுந்துவிடுவார் என்று தெரியும், அதனால் குரலை இறக்கிக்கொண்டாள்.

“ஏங்க, உங்களுக்கு என்ன பயம்? உங்க பேருக்கு ஒண்ணு வந்துடும், அண்ணன் முன்னால தலை குனியணும், அவ்வளவுதான?”

“அவ்வளவுதான்.”

“அப்ப கடையை என் பேருக்கு மாத்திடுங்க. ஒண்ணு வந்தா என் பேருக்கு வரட்டும். உங்க அண்ணன் கேட்டா, அந்தக் கடைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல, நான் வண்டி ஓட்டறவன்னு சொல்லுங்க.”

அவர் வாயில் வைத்த சோற்றோடு யோசித்தார். நாள்கணக்கில் அவர் முகத்தில் இல்லாத நிம்மதி வந்தது. “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார். கை கழுவிவிட்டு வந்து, பெயர் மாற்றச் சம்மதம் என்று அன்றே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அவள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு மறுபடி சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். பெயர் மாற்றத்துக்கும் மறுஆய்வுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போதும் என்றார் எழுத்தர். சரிசெய்த குறைகளை அவள் சொல்ல, அண்ணன் வரிசையாகப் பூர்த்தி செய்தார். இந்த முறை எதிர்க்கடை ஒரு வரியிலும் வரவில்லை. கையெழுத்துப் போடும் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புடவைத் தலைப்பில் மஞ்சள் கறை, விரலில் கத்திக் காயங்கள். ஒன்றும் கேட்காமல் மைப்பெட்டியைத் திறந்து முன்னால் நகர்த்தினார்.

“விரலை நீட்டுங்கம்மா.”

அவளும் நீட்டினாள். அது பழகிய விரல். கல்யாணப் பதிவில், வங்கியில், கடை வாடகைப் பத்திரத்தில், எரிவாயுக் காகிதத்தில் எல்லாம் இப்படித்தான். எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. பின்னால் நிற்பவர்களின் அவசரத்தில் அவளும் சொன்னதில்லை. யாராவது விரலைப் பிடித்து அழுத்திவிட்டுத் துணி கொடுப்பார்கள்.

மைக்குமேல் விரல் நின்றது.

“சார், கதவுல ஒட்டற மார்க்குக்குக் கீழ கடை ஓனர் பேர் போடுவீங்கல்ல?”

“ஆமா.”

“இனிமே அதுல என் பேர் வருமா?”

“நீங்கதான ஓனர். உங்க பேர்தான் வரும்.”

எதிர்க்கடைக் கதவில் ஐந்துக்குக் கீழே உள்ள பெயரை அவள் எரிச்சலோடு எத்தனையோ முறை படித்திருக்கிறாள். அது பெரியவளின் கணவர் பெயர். அந்தத் தெருவில் எந்தக் கதவிலும் ஒரு பெண்ணின் பெயர் இல்லை. பெரியவள் கோழி வெட்டலாம், கை கழுவலாம், ஐந்து வாங்கலாம். அவள் பெயர் அந்தக் கதவில் கிடையாது. அவள் கேட்டாலும் அந்த மனிதர், பேர் எதுல இருந்தாலும் கடைதானடி என்று கத்துவார். பெரியவளுக்குச் சோறு இறங்காத இன்னொரு நாள் வரப்போகிறது.

தீப்பெட்டி விரலை மடக்கிக்கொண்டாள். மைப்பெட்டியை மூடி, வந்த வழியே தள்ளினாள்.

“பேனா குடுங்க.”

எழுத்தர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், “சீக்கிரம்மா, நாங்களும் போகணும்” என்றார். “கோழி வெட்டற கை, நிதானமாத்தான் வரும். நில்லுங்க” என்றாள் திரும்பாமலே. ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். மூன்றாவது எழுத்தின் கொம்பு கட்டத்துக்கு வெளியே போயிற்று, நிறுத்தவில்லை. முடித்ததும் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்தாள். மொத்தத்தையும் ஒருமுறை வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். எழுத்தர் அதன்மேல் முத்திரையைக் குத்தினார். 17 செப்டம்பர் 2019, செவ்வாய்க்கிழமை.